ஆர்வி வண்டிகளுக்கான உயர உலோகக் கொட்டகை

ஆர்வி உலோகக் கொட்டகை என்பது, ஐக்கிய அமெரிக்காவில் ஆர்வி எனப்படும் நடமாடும் வீட்டு வண்டிகளை நிறுத்திவைக்க, எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மீது தகடு வேய்ந்து அமைக்கப்படும் உயரமான கொட்டகை ஆகும். சுவரில்லாத வாகனக் கூரையை அங்கே கார்போர்ட் என்பர். கட்டடக் கலைஞர் பிராங்க் லாய்டு ரைட் 1930களில் வடிவமைத்த சிக்கன வீடுகளில் இது இடம்பெற்றது. காருக்கான அந்தக் கூரையின் கீழ் பெரிய ஆர்வி நுழையாது.

இவ்வண்டிகள் ஆண்டின் பெரும்பகுதி நின்றுகொண்டே இருப்பவை. கூரை இணைப்புகளில் பூசிய அடைப்புப் பசை வெயிலில் காய்ந்து வெடிக்கும். வெடிப்பின் வழி இறங்கும் நீர் உள்ளிருக்கும் மரச்சட்டத்தை மக்கச் செய்யும். கறை வெளியே தெரியும்போது பழுது பெரிதாகியிருக்கும். கொட்டகை முதன்மையாகத் தடுப்பது இதைத்தான்.

உயரமும் அகலமும்

அமெரிக்காவின் பல மாநிலங்களில் சாலை வாகனங்களின் உயர வரம்பு 13 அடி 6 அங்குலம். பெரிய ஆர்விகள் இதற்கு அருகில் வரும். வேன் வகை வண்டிகள் ஏறத்தாழ 9 அல்லது 10 அடியே இருக்கும். விளம்பரத் தாளில் உள்ள உயரத்தை நம்பாமல், கூரை மேலுள்ள குளிர்சாதனப் பெட்டியின் உச்சி வரை அளப்பதே சரி.

கொட்டகையின் உயரத்திலும் குழப்பம் உண்டு. கால் உயரம் வேறு, நடு முகட்டின் உயரம் வேறு. முன்பக்க முக்கோணத்தைத் தகட்டால் மூடிவிட்டால், முகடு எவ்வளவு உயர்ந்திருந்தாலும் நுழைவாயில் கால் உயரத்துக்குக் குறைந்துவிடும். பாதை சரிவாக இருந்தால், வண்டி ஏறி இறங்கும் இடத்தில் அதன் ஒரு முனை தூக்கும். பின்னாளில் கொட்டப்படும் சரளைக் கல்லும் சில அங்குலங்களை விழுங்கும்.

வண்டியின் அகலம் பொதுவாக எட்டரை அடி. 12 அடிக் கொட்டகையில் இருபுறமும் 21 அங்குலமே மிஞ்சும். கதவைத் திறந்து இறங்கவே இடம் போதாது. பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப்பகுதி கொண்ட வண்டிக்கு 18 அடியாவது இருப்பது நல்லது. நீளத்தில், கூரை 21 அடி என்று விற்கப்படும் கொட்டகையின் சட்டம் பல நேரங்களில் 20 அடிதான்.

காற்றும் பனியும்

திறந்த கொட்டகைக்கு எடையைவிடக் காற்றின் தூக்குவிசையே பெரும் ஆபத்து. காற்றின் வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். 18 அடிக்கு 40 அடி அளவுள்ள கூரையின் பரப்பு 720 சதுர அடி. சதுர அடிக்கு 20 பவுண்டு தூக்கினால் மொத்தம் 14,400 பவுண்டு. கால்கள் உயர உயரக் கவிழ்க்கும் விசையும் கூடும். ஆகவே கொட்டகையை நிறுத்திவைப்பது தகடு அல்ல, நங்கூரம்தான். மண்ணில் திருகு நங்கூரமும் கான்கிரீட்டில் விரிவு ஆணியும் பயன்படுகின்றன. மண்ணில் வெறும் கம்பியை அடித்து நிறுத்துவது உயரக் கொட்டகைக்குப் போதாது.

குளிர்ப் பகுதிகளில் உறையும் மண் அடித்தளத்தையே மேலே தள்ளும். மின்னசோட்டா மாநிலக் கட்டட விதிகள் அடித்தளத்துக்குத் தெற்கில் 42 அங்குல ஆழமும் வடக்கில் 60 அங்குல ஆழமும் கேட்பது இதனால்தான். பனி விழும் ஊர்களில் தகட்டின் வரிகள் முகட்டிலிருந்து கீழ்நோக்கி ஓடும் கூரையே ஏற்றது. கிடையாக ஓடும் வரிகளில் பனியும் சருகும் தேங்கும். சட்டக் குழாயின் கேஜ் எண் குறைந்தால் தடிமன் கூடும்: 14 கேஜைவிட 12 கேஜ் கனமானது.

அனுமதி

அனுமதி விதிகள் ஊருக்கு ஊர் மாறும். எல்லைக் கோட்டிலிருந்து விடவேண்டிய தூரம், உயர வரம்பு, குடியிருப்போர் சங்கத்தின் தடை ஆகியவற்றை முன்பணம் கட்டும் முன்பே கேட்டறிய வேண்டும். புளோரிடாவின் மயாமி-டேட், பிரவார்டு மாவட்டங்களில் சூறாவளிக் காற்றுக்கான தனிக் கடும் விதிகள் உள்ளன. வேறு மாநிலத்துக்கென வரைந்த பொது வரைபடம் அங்கே செல்லாது.