350 சி.சி. கோட்டின் இருபுறம்

புதிதாகக் குரூஸர் வண்டி வாங்கவிருக்கும் நண்பரின் பட்டியலில் கடைசியாக நிற்பவை இரண்டு: ராயல் என்ஃபீல்டின் மீட்டியோர் 350, சூப்பர் மீட்டியோர் 650. முன்னதன் கொள்ளளவு 349 சி.சி., பின்னதன் கொள்ளளவு 648 சி.சி. ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓட்டுவார். அதில் 8,000 கி.மீ. சென்னைக்குள் தனியாக, 2,000 கி.மீ. மனைவியுடன் நெடுஞ்சாலையில். வண்டியை 5 ஆண்டு வைத்திருப்பார் என்று கொண்டு போட்ட கணக்கு இது.

முதலில் வரி. 2025 செப்டம்பர் 21 வரை 350 சி.சி.க்கு உட்பட்ட வண்டிக்கு ஜி.எஸ்.டி. 28%, அதற்கு மேற்பட்டதற்கு 3% செஸ் சேர்த்து 31%. மறுநாள் முதல் அவை முறையே 18%, 40%. வரிக்கு முந்தைய விலையில் ஒவ்வொரு 1 லட்சம் ரூபாய்க்கும் இருந்த 3,000 ரூபாய் இடைவெளி 22,000 ரூபாய் ஆயிற்று. 349 சி.சி. வண்டி இந்தக் கோட்டுக்குள் அடங்குவது 1 சி.சி. வித்தியாசத்தில்.

மாற்றத்துக்குப் பின் ஷோரூம் விலை, அடிப்படை வகைக்கு, சுமார் 1.96 லட்சம், 3.98 லட்சம் ரூபாய். முதல் விலைக்குள் இருக்கும் ஜி.எஸ்.டி. ஏறத்தாழ 29,900 ரூபாய். இரண்டாவதில் 1,13,700 ரூபாய். அதாவது பெரிய வண்டிக்குக் கட்டும் ஜி.எஸ்.டி. மட்டுமே சிறிய வண்டியின் முழு விலையில் 58%.

தமிழ்நாட்டில் 1 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்கு ஆயுள் வரி 2023 நவம்பரில் 8 சதவீதத்திலிருந்து 12 ஆயிற்று. ஷோரூம் விலையின்மேல் கணக்கிட்டால் 23,520 ரூபாய், 47,760 ரூபாய். இன்சூரன்ஸிலும் அதே 350 சி.சி. கோடு குறுக்கே வருகிறது: புது வண்டிக்குக் கட்டாயமான 5 ஆண்டு மூன்றாம் நபர் பிரீமியம், 2022 ஜூன் விகிதப்படி, கோட்டுக்குக் கீழே 7,365 ரூபாய், மேலே 15,117 ரூபாய். ஷோரூமில் 2,02,000 ரூபாயாகத் தெரியும் வித்தியாசம் வண்டி சாலைக்கு வரும்போது 2,33,992 ரூபாய்.

பெட்ரோலுக்கு லிட்டர் 101 ரூபாய் என்றும், மைலேஜ் 35 கி.மீ., 25 கி.மீ. என்றும் வைத்துக்கொண்டேன். மைலேஜ் என் அனுமானம். ஓட்டும் விதத்தைப் பொறுத்து மாறும். 50,000 கி.மீ.க்கு 1,429 லிட்டரும் 2,000 லிட்டரும் செலவாகும். வித்தியாசம் சுமார் 57,700 ரூபாய். ஆக, பெரிய வண்டிக்கு 5 ஆண்டில் கூடுதலாக ஆவது ஏறக்குறைய 2.92 லட்சம் ரூபாய், கிலோமீட்டருக்கு 5.83 ரூபாய். சர்வீஸ், டயர், மறுவிற்பனை விலை இதில் இல்லை.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? 20.2 குதிரைத்திறனுக்குப் பதில் 46.3, 27 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்குப் பதில் 52.3. எடையும் 191 கிலோவிலிருந்து 241 கிலோவாக, 26% ஏறுகிறது. என் கண்ணில் கனமானது வேறொரு கணக்கு. ஆளுக்கு 70 கிலோ என்றால், 350இல் நண்பர் தனியாகப் போகும்போது டன்னுக்கு 77 குதிரைத்திறன். மனைவியும் ஏறினால் 61. 650இல் இருவரும் ஏறிய பிறகும் 122. பெரிய வண்டிக்கான நேர்மையான வாதம் இதுதான். ஆனால் நான்குவழிச் சாலையில் இருசக்கர வண்டிக்கு மத்திய அரசு 2018இல் அறிவித்த உச்ச வேகம் மணிக்கு 80 கி.மீ.; அந்த வேகத்துக்கு 20.2 குதிரைத்திறன் போதும். கூடுதல் திறன் உதவுவது முந்தும்போதும் மேட்டில் ஏறும்போதும்தான்.

நகருக்குள் தனியாக ஓட்டும் 40,000 கி.மீ.க்கு 650 தேவையில்லை என்று நண்பரே சொல்கிறார். அப்படியானால் 2.92 லட்சம் ரூபாயும் மனைவியுடன் போகும் 10,000 கி.மீ. மேல்தான் விழும்: கிலோமீட்டருக்கு 29 ரூபாய். அந்தப் பயணம் ஆண்டுக்கு 6,000 கி.மீ. ஆனால், மொத்த ஓட்டம் மாறாத வரை, 10 ரூபாய்க்குக் கீழே வரும். இப்போதைய 2,000 கி.மீ.க்கு நான் சொல்வது 350.