படித்த சந்திரகாந்தாவும் பார்த்த சந்திரகாந்தாவும்

வடநாட்டுத் தமிழ்க் குடும்பங்களும் ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.வி. முன் உட்கார்ந்து பார்த்த ஹிந்தித் தொடர்களில் ‘சந்திரகாந்தா’ ஒன்று. 1994 முதல் 1996 வரை தூர்தர்ஷனில் வந்த இத்தொடரை நீர்ஜா குலேரி தயாரித்தார். ஷிகா ஸ்வரூப் இளவரசியாகவும் ஷாபாஸ் கான் இளவரசனாகவும் நடித்தனர். மறைந்த இர்ஃபான் கானும் இதில் உண்டு. தொடரைப் பார்த்தவர் பல லட்சம். மூலக்கதையைப் படித்தவர் நம்மவரில் வெகு சிலரே. படித்துவிட்டுப் பார்த்தவர்களுக்கோ இரண்டும் வேறு வேறு கதைகளாகவே தோன்றின.

காட்டில் பிறந்த கதை

நாவலை எழுதியவர் தேவகி நந்தன் கத்ரி (1861-1913). காசி மகாராஜாவின் ஆட்சிக்குட்பட்ட சகியா, நௌகட் காடுகளில் குத்தகை எடுத்திருந்த அவர், அங்குள்ள பாழடைந்த கோட்டைகளைச் சுற்றிப் பார்த்தார். அந்த அனுபவமே 1888-ல் நாவலாயிற்று. இதைப் படிப்பதற்காகவே நாகரி எழுத்துக் கற்றவர்கள் பலர் என்பது ஹிந்தி இலக்கிய உலகில் இன்றும் சொல்லப்படும் செய்தி.

நௌகட் இளவரசன் வீரேந்திர சிங்கும் விஜயகட் இளவரசி சந்திரகாந்தாவும் காதலிக்கிறார்கள். மந்திரி மகன் க்ரூர் சிங் குறுக்கே நிற்கிறான்; சுனார் மன்னன் சிவதத்தின் உதவியை நாடுகிறான். ஆனால் கதையை நடத்திச் செல்பவர்கள் ராஜாக்கள் அல்லர், ‘அய்யார்’ என்னும் ஒற்றர்களே. மாறுவேடம், மயக்க மருந்து, மதில் ஏறும் கயிறு ஆகியவையே இவர்களின் ஆயுதங்கள். இளவரசன் பக்கம் தேஜ் சிங். இளவரசி பக்கம் சபலா என்ற பெண். ஒரு பெண் தன் புத்தியாலேயே ஆண் ஒற்றர்களுக்கு ஈடு கொடுக்கிறாள் என்று 1888-லேயே எழுதியது சாமானியமல்ல.

பொறியா, மாயமா?

‘திலிஸ்ம்’ எனப்படும் மர்மக் கோட்டையில் ஒரு கல் கொக்கு ஆளையே விழுங்குகிறது. விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது மந்திரமாகவே படும். ஆனால் இவையெல்லாம் மனிதன் செய்த பொறிகள், மருந்துச் சரக்குகளின் வேலை என்று காட்டுவதே கத்ரியின் போக்கு. பயமுறுத்துவதோடு அவர் நிற்கவில்லை. பயத்தின் காரணத்தையும் விளக்குகிறார்.

டி.வி. தொடர் இந்த விளக்கத்தைப் பெரும்பாலும் கைவிட்டது. விஷ கன்னிகள் வந்தனர், புதுப் பாத்திரங்கள் முளைத்தன. ‘யக்கூ’ என்று கூவும் க்ரூர் சிங்காக அகிலேந்திர மிஸ்ரா குழந்தைகளின் மனத்தில் நிலைத்துவிட்டார். வாரா வாரம் கதையை இழுக்க வேண்டியவர்களுக்கு அது சௌகரியமே. ஆடை அணிகளின் பகட்டும் நடிப்பும் குறை சொல்ல முடியாதவை. அந்தத் தொடரால்தான் கத்ரியின் பெயரைப் பலர் முதன்முதலாகக் கேட்டனர் என்பதையும் மறுக்கலாகாது.

இருப்பினும் இழப்பு சிறிதல்ல. பூட்டிய கதவுக்கு எங்கோ ஒரு சாவி உண்டு, தேடினால் கிடைக்கும் என்று புத்தகம் சொல்லிக் கொடுத்தது. மந்திரத்தால் திறக்கும் கதவு, பார்ப்பவனுக்கு வேலையே வைப்பதில்லை.

இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் ஹிந்தி படிக்கிறார்கள்; பாடப் புத்தகத்துக்கு வெளியே தொடுவதில்லை. அவர்கள் கையில் இந்த நாவலைக் கொடுக்கலாம். சுனார் கோட்டையும் தொலைவில் இல்லை. காசிக்குப் போகிறவர்கள் மிர்ஜாப்பூர் மாவட்டத்தில் கங்கைக் கரையில் நிற்கும் அதையும் பார்த்து வரலாம். புத்தகத்தைப் படித்துவிட்டுப் போனால் அந்தக் கற்களும் கதை சொல்லும்.