உங்களுக்குத் தெரியுமா? ஆர்க்டிக்குக்குப் போன சென்னை!

கணினிக்குள் ஓடும் ஆண்ட்ராய்டு எமுலேட்டர் போனைச் சென்னையில் நிறுத்தப் பார்த்து, இரண்டு எண்களை இடம் மாற்றிப் போட்டால் அது ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும்! இடத்தை அமைக்கும் ‘ஜியோ ஃபிக்ஸ்’ கட்டளைக்குத் தீர்க்கரேகை (80.27) முதலில் வேண்டும், அட்சரேகை (13.08) பிறகுதான். நம் வழக்கமோ நேர்மாறு. பழக்கதோஷத்தில் தட்டினால், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளின் வடகரையை ஒட்டிய பனிக்கடல்.

• சிம் இல்லை, அழைப்பு உண்டு. ஒரே கணினியில் இரண்டு எமுலேட்டர்களை ஓட்டி, முதலாவதில் 5556 என்று டயல் செய்தால் மற்றதில் மணியடிக்கும். அது இரண்டாவதின் போர்ட் எண்தான்.

• பேட்டரி தானாக இறங்காது. ‘பவர் கெப்பாசிட்டி 5’ என்று கட்டளை அடித்தால் 5 சதவீதம்.

• 127.0.0.1 என்ற முகவரி அந்தப் போனையே குறிக்கும். கணினியில் ஓடும் சர்வரைப் பிடிக்க 10.0.2.2. புதியவர்கள் அரைநாள் தொலைப்பது இங்கேதான்.