மேலே துண்டு, கீழே வரி

தேசத்தின் பொக்கிஷத்தில் துண்டு விழுமாயின் அதனை ஈடு செய்வோர் யார்? மந்திரிகள் அல்லர், தெரு விளக்கும் சாக்கடையும் வேண்டி நிற்கும் நகரவாசிகளே. இது சரித்திரம் புகட்டும் பாடம்.

1857-ம் வருஷக் கிளர்ச்சியை அடக்கிய செலவினால் பிரிட்டிஷ் இந்திய சர்க்காரின் கடன் பெருகிற்று. பின்னர் அடிக்கடி துண்டும் விழலாயிற்று. 1870 டிசம்பர் 14-ந் தேதி மேயோ பிரபுவின் தீர்மானம் வெளிவந்தது. போலீஸ், சிறைச்சாலை, கல்வி, வைத்தியம், சாலை முதலியன மாகாணங்களிடம் ஒப்புவிக்கப்பட்டன. அவற்றிற்கென அளித்த நிலையான தொகையோ பழைய செலவிலும் குறைவு. குறையை வரிகளால் நிரப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று. மறு வருஷமே சென்னை மாகாணத்தில் நகர அபிவிருத்திச் சட்டமும் ஸ்தல நிதிச் சட்டமும் பிறந்தன. பொறுப்பு இறங்கிற்று, பொருள் இறங்கவில்லை.

சுதந்திர இந்தியாவில் இந்நிலை நீங்கிற்றா? 1993-ல் அமுலுக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் நகரசபைகளுக்குரியனவாகப் 18 விஷயங்களைக் குறிக்கின்றது. ஆனால் அவற்றை அளிப்பதும், வரிபோடும் உரிமை வழங்குவதும் ராஜ்ய சர்க்காரின் விருப்பம். மத்திய சர்க்கார் தன் துண்டை நிரப்ப மேல்வரிகளையும் செஸ் வரிகளையும் விதிக்கும்போது அவ்வருமானம் ராஜ்யங்களுடன் பங்கிடப்படுவதில்லை. ராஜ்யத்தின் கை சுருங்கினால் நகரசபையின் மான்யம் சுருங்குகிறது. வீட்டு வரி ஏறுகிறது, அல்லது குப்பை தெருவில் தங்குகிறது.

தயவினால் வரும் மான்யம் நெருக்கடியில் முதலில் வெட்டுண்ணும். உரிமையால் வரும் பங்கை எளிதில் வெட்டவியலாது. ஆகவே ஸ்தல ஸ்தாபனங்கள் கோர வேண்டியது கருணையன்று. சட்டம் வரையறுத்த பங்கு. பொறுப்பை இறக்குவோர் பொருளையும் இறக்குவாராக!