குதிகால் வலியும் அதைத் தீர்க்கும் வழிகளும்

உச்சி முதல் உள்ளங்கால் வரை என்று சொல்லும் நாம், முகத்திற்குக் கொடுக்கும் கவனத்தில் சிறு பங்கு கூடப் பாதத்திற்குக் கொடுப்பதில்லை. நம் உடலின் பாரம் முழுவதையும் சுமப்பவை பாதங்களே. ஒவ்வொரு பாதத்திலும் உள்ள 26 எலும்புகளுள் மிகப் பெரியது குதிகால் எலும்பு.

இவ்வெலும்பின் அடியிலிருந்து விரல்களை நோக்கி உறுதியான பட்டை ஒன்று செல்கிறது. வில்லுக்கு நாண் எப்படியோ, அப்படியே பாதத்தின் வளைவுக்கு இப்பட்டை. நெடுநேரம் நிற்பது, கடினமான தரையில் வெறுங்காலுடன் நடப்பது, தேய்ந்த செருப்பு அணிவது, உடல் எடை கூடுவது, கெண்டைக்கால் தசை இறுகுவது ஆகியவற்றால் பட்டை குதிகாலோடு சேருமிடத்தில் நைந்து வலிக்கிறது. இரவு ஓய்வில் இறுகிய பட்டை, காலையில் முதல் அடி வைத்ததும் திடீரென இழுபடும். அதனால்தான் முள் குத்தியதுபோல் சுருக்கென்கிறது. சற்று நடந்ததும் வலி குறையும். 40 முதல் 60 வயது வரை உள்ளவர்களிடம் இது மிகுதி.

வலி குறைந்துவிடுவதால், "வாயுப் பிடிப்புதான், வயதானால் வரும்" என்று சொல்லிவிட்டு அன்னையர் அடுப்படிக்குப் போய்விடுகின்றனர். ஆனால் இது பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டிய நோயன்று. எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பில் முள்போன்ற வளர்ச்சி தெரிந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. வலியே இல்லாத பலருக்கும் அது உண்டு.

சிறுவர்க்கும் குதிகால் வலி வரும். ஓடியாடி விளையாடும் 8 முதல் 14 வயதினருக்கு, குதிகாலின் பின்புறம் எலும்பு வளரும் பகுதியைத் தசைநார் இழுப்பதால் இது உண்டாகிறது. அமெரிக்க மருத்துவர் செவர் 1912இல் இதனை விளக்கினார். விளையாட்டைச் சிறிது குறைத்தால் தணியும்; வளர்ச்சி முடிந்ததும் மறையும்.

பெரியவர்களுக்கு எளிய பயிற்சிகள் உள்ளன. படுக்கையை விட்டு எழுமுன் கால்விரல்களைக் கையால் முழங்காலை நோக்கி இழுத்து, 10 எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். இவ்வாறு 10 முறை, நாளுக்கு மூன்று வேளை செய்யலாம். சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையில் படியச் சாய்ந்து நின்றால் கெண்டைக்கால் தசை தளரும். துணியில் சுற்றிய பனிக்கட்டியால் 10 நிமிடம் ஒற்றலாம். வீட்டிற்குள்ளும் மெத்தென்ற செருப்பு அணிவது நல்லது. குணமாகச் சில மாதங்கள் ஆகலாம், பொறுமை வேண்டும். பெரும்பாலோர்க்கு அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை.

சுட்ட செங்கல்லில் எருக்கிலை வைத்து ஒத்தடம் கொடுப்பது நம் நாட்டு வழக்கம். நீரிழிவு நோயால் பாதம் மரத்தவர்கள் இதைச் செய்யலாகாது. சூடு தெரியாமல் வெந்து புண்ணாகிவிடும். வீக்கம், காய்ச்சல், மரமரப்பு, ஓய்விலும் தீராத வலி, அடிபட்டபின் கால் ஊன்ற இயலாமை ஆகியவை இருந்தால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

சீடர்களின் பாதங்களைக் கழுவிய இயேசு பிரானைப் பற்றி ஆண்டுதோறும் பெரிய வியாழனன்று கேட்கிறோம். நம் வீட்டில் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பவர் யார் என்று கவனிப்போமா? அவர் உட்கார்ந்து காய் நறுக்க ஒரு முக்காலி போடுவோம்; நின்று செய்யும் வேலையில் பாதியை நாம் ஏற்போம். அதுவும் பாதம் கழுவும் பணியே.