உயர்ந்தது ஜீப், உதறுது ஸ்டியரிங்

மலையேறத் தூக்கிக் கட்டும் வண்டிகளுக்கு முதல் சோதனை சமவெளியில்தான்

ஜாதவ்பூர் 8பி பேருந்து நிலைய நெரிசலில் ஒரு பழைய ஜீப் மற்ற வண்டிகளின் தலைக்கு மேல் தெரிந்தால், அது தூக்கிக் கட்டப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம். நீளமான ஷேக்கிள், கூடுதல் கமான் பட்டை, பெரிய டயர்கள். உரிமையாளரின் கனவு டார்ஜிலிங் மலைகள். ஆனால் மலையடிவாரத்தை எட்டவே ஏறத்தாழ 600 கி.மீ. நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். ஆபத்து காத்திருப்பது அங்கேதான்.

மணிக்கு 60, 70 கி.மீ. வேகம். சாலையில் சிறு பள்ளம். திடீரென்று ஸ்டியரிங் கையை உதறுகிறது. முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாகப் படபடக்கின்றன. வேகம் நன்றாகக் குறையும்வரை நடுக்கம் நிற்பதில்லை. ஜீப் பிரியர்கள் உலகெங்கும் இதை 'டெத் வாபிள்' என்கிறார்கள். பெயரில் மிகை அதிகமில்லை.

சைக்கிளில் இரு கைகளையும் விட்டு ஓட்டும் பையனைக் காப்பாற்றுவது முன் ஃபோர்க்கின் சாய்வு. ஜீப்பில் அந்த வேலையைச் செய்வது 'காஸ்டர்': சக்கரம் திரும்பும் அச்சின் மேல்முனை சற்றே பின்னால் சாய்ந்திருக்கும் கோணம். 1940களின் இறுதியில் மஹிந்திரா இந்தியாவுக்குக் கொண்டுவந்த வில்லிஸ் ஜீப்புக்கு இது 3 டிகிரி. சக்கரத்தின் வெளிச்சாய்வான கேம்பர் ஒன்றரை டிகிரி. இரண்டும் ஆக்ஸிலிலேயே அமைந்தவை. இரு முன்சக்கரங்களையும் ஒரே இரும்புத் தண்டு இணைப்பதால், காரில் செய்வதுபோல் தனித்தனியே திருகிச் சரிசெய்ய வழியில்லை.

கமானின் முன்முனையில் ஷேக்கிள் உள்ள இத்தகைய ஜீப்பில் நீளமான ஷேக்கிளைப் பொருத்தினால், கமானின் முன்முனை தாழ்கிறது. அதோடு ஆக்ஸிலும் முன்பக்கம் உருள்கிறது. 3 டிகிரி கரைகிறது. சக்கரத்துக்கு நேராக ஓட வேண்டும் என்ற நினைவே போய்விடுகிறது. கூடவே ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் டிராக் லிங்க் செங்குத்தாகச் சாய்கிறது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வண்டி தானாக ஒரு பக்கம் திரும்பப் பார்க்கிறது.

உரிமையாளர் அலைன்மென்ட் கடைக்குப் போகிறார். அங்கே டை ராடைத் திருகி 'டோ-இன்' சரிசெய்யப்படுகிறது. டயர்களின் முன்பக்க இடைவெளி பின்பக்கத்தைவிட ஒன்று முதல் இரண்டரை மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். அளவுநாடா இருந்தால் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். ஆனால் உயர்த்தியதால் முக்கியமாகக் கெட்டது டோ-இன் அல்ல, காஸ்டர். சீட்டில் டோ-இன் சரியாக இருக்கும். வண்டி தொடர்ந்து உதறும்.

இதற்கு மருந்து உண்டு. கமானுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே எஃகு ஆப்பு வைத்து, யு போல்ட்டை இறுக்கி, சாய்வை மீட்கலாம். ஆப்பைத் திருப்பி வைத்தால் நோய் இரட்டிப்பாகும். சரியாக வைத்தாலும் ஒரு விலை உண்டு: ஆக்ஸில் பின்னால் உருளும்போது டிஃபரன்ஷியலின் மூக்கு தாழ்ந்து, புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயிண்ட் கூடுதலாக வளைகிறது. அதிகம் உயர்த்திய வண்டியில் இரண்டையும் ஒருசேரத் திருப்திப்படுத்த முடியாது.

அதற்கும் முன்னால் டை ராடு முனைகள், கிங் பின் பேரிங், ஷேக்கிள் புஷ் ஆகியவற்றின் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் டேம்பர் பொருத்துவது வலி மாத்திரை விழுங்குவதைப் போல. நடுக்கம் மறையும், காரணம் மறையாது.

டார்ஜிலிங் மாவட்டத்தின் மானேபஞ்சனிலிருந்து 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்பூவுக்கு சுமார் 31 கி.மீ. மலைப்பாதை. அதில் பல பத்தாண்டுகளாகப் பயணிகளைச் சுமந்தவை 1950களின் லேண்ட் ரோவர்கள். 2018இல், தன் 70ஆம் ஆண்டையொட்டி, அந்த நிறுவனமே இவற்றைத் தேடி வந்து படமெடுத்தது. அவற்றிலும் இருப்பது திட ஆக்ஸிலும் கமான் பட்டையும்தான். இவ்வளவு வயதான வண்டி மலையேற, உயரத்தைவிட மூட்டுகளின் இறுக்கம் முக்கியம்.

சட்டமும் உயரத்துக்கு ஆதரவாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிபடக் கூறியது.

ஏற்கனவே உயர்த்திவிட்டவர்களுக்கு எளிய சோதனை ஒன்று. ஆளில்லாத சாலையில் மெதுவாக ஒரு வளைவில் திரும்பிவிட்டு, ஸ்டியரிங் மீதான பிடியைச் சற்றுத் தளர்த்த வேண்டும். அது தானாக நேருக்குத் திரும்பினால் காஸ்டருக்கு இன்னும் உயிர் இருக்கிறது. திரும்பாவிட்டால், டார்ஜிலிங் கொஞ்சம் காத்திருக்கட்டும்.