வழக்கமான கவனிப்பு

மருந்தும் மனசாட்சியும் – 9

விடிவதற்கு முன்பே தேனி மாவட்டத்தின் கம்பம் ஊரில் ஜீப்புகள் உறும ஆரம்பித்துவிடும். தலையில் துண்டும் கையில் தூக்குவாளியுமாகப் பெண்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் நாளெல்லாம் குனிந்து வேலை பார்த்து, பொழுது சாயும் நேரத்தில் திரும்புவார்கள். போடியிலிருந்து போடிமெட்டு வழியாகவும் இதே பயணம்தான். ஆரம்ப சுகாதார நிலையம் திறக்கும்போது இவர்கள் ஊரில் இருப்பதில்லை. திரும்பி வரும்போது அது மூடியிருக்கும்.

இந்த வாரம் சொல்லப்போகும் விஷயம் இந்தப் பெண்களைப் பற்றியது. ஆனால் கதை தொடங்குவது பக்கத்து மாவட்டமான திண்டுக்கல்லில். அதற்கு முன் ஒரு காட்சி.

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சுகாதார நிலையத்தில் செவிலியர் ஒருவர், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கான தட்டை எனக்குக் காட்டினார். ஒரு ஸ்பெகுலம், கொஞ்சம் பஞ்சு, சின்ன பாட்டிலில் நீர்த்த அசிட்டிக் அமிலம். மூடியைத் திறந்ததும் ஊறுகாய் வாசனை. “வினிகர்தான்க்கா, வேற ஒண்ணுமில்ல” என்றார். அதில் நனைத்த பஞ்சைக் கர்ப்பப்பை வாயில் வைத்து எடுத்துவிட்டு, ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்க்க வேண்டும். திசுவில் மாற்றம் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். லேப் வேண்டாம், நுண்ணோக்கி வேண்டாம், ரிசல்ட்டுக்கு ஒரு வாரம் காத்திருக்கவும் வேண்டாம். வெள்ளையாகத் தெரிவதெல்லாம் புற்றுநோய் அல்ல. ஆனால் மேற்கொண்டு பார்த்தே ஆகவேண்டியவர் யார் என்று அப்போதே தெரிந்துவிடும். புற்றாக மாறப் பல வருஷம் எடுத்துக்கொள்ளும் நோய் இது. முன்கூட்டியே கண்டுபிடித்தால் அந்த இடத்தை உறையவைத்தே அழித்துவிடலாம்.

இவ்வளவு எளிய சோதனை உயிரைக் காக்கும் என்று உலகத்துக்கு நிரூபித்த ஊர்கள் திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கின்றன. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ மருத்துவமனையும், பிரான்ஸில் லியோன் நகரத்திலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, 2000-த்தில் ஓர் ஆய்வைத் தொடங்கின. பணம் கேட்ஸ் அறக்கட்டளையிலிருந்து வந்தது. மாவட்டத்தில் 114 பகுதிகளை எடுத்துக்கொண்டு, 57 பகுதிகளில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்களைக் கொண்டு இந்த வினிகர் சோதனை செய்தார்கள். மற்ற 57 பகுதிகளை ஒப்பீட்டுக்காக விட்டுவைத்தார்கள். யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவானது.

முடிவு 2007-ல் லான்செட் இதழில் வந்தது. சோதனை நடந்த ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. செவிலியரும் ஒரு பாட்டில் வினிகரும் போதும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று எதுவும் அப்போது இல்லை. ஏழை நாடுகள் பலவும் அதைப் பார்த்தன.

விட்டுவைத்த ஊர்கள்? அங்கே சுமார் 31,000 பெண்கள். 2006 வரைக்குமான கணக்கில், அவர்களில் 92 பேர் அந்த நோயில் இறந்துபோனார்கள். சோதனை நடந்த பக்கத்திலும் 83 பேர் இறந்தார்கள், ஆனால் அந்தப் பக்கம் இருந்த பெண்கள் 49,000-க்கும் மேல். இந்த வித்தியாசம்தான் ஆய்வின் வெற்றி. அந்த 92 என்ற எண்ணிக்கை இல்லாமல் 35 சதவீதம் என்ற எண் பிறந்திருக்காது. இதை எழுதும்போது எனக்குக் கை தயங்குகிறது.

இதேபோல மும்பையிலும் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்திலும் ஆய்வுகள் நடந்தன. எரிக் சூபா என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் மூன்றையும் கூட்டிப் பார்த்து, 2014-ல் இந்திய மருத்துவ அறவியல் இதழில் எழுதினார்: சோதனை ஏதும் தரப்படாத பெண்கள் 1,38,624 பேர். அவர்களில் குறைந்தது 254 பேர் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் இறந்தார்கள். இதே புற்றைக் கண்டறியும் பாப் ஸ்மியர் என்ற சோதனை 1940-களிலிருந்தே மருத்துவத்துக்குத் தெரியும். அப்படியிருக்க, ஒரு பிரிவை எந்தச் சோதனையும் இல்லாமல் விட்டது எப்படி நியாயம் என்று கேட்டார். மும்பை ஆய்வில் பெண்களிடம் ஒப்புதல் பெற்ற விதத்தில் குறை இருந்ததை, ஆய்வுகளில் பங்கேற்பவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அலுவலகமே சுட்டிக்காட்டியது.

ஆய்வாளர்கள் தரப்பில் சொன்ன பதிலைத் தள்ளிவிட முடியாது. பாப் ஸ்மியர் பார்க்கத் தேவையான லேப்பும் ஆட்களும் இந்தியக் கிராமங்களில் இல்லை, ஒப்பீட்டுப் பிரிவுக்குக் கிடைத்தது அந்த ஊரில் எல்லோருக்கும் கிடைக்கும் ‘வழக்கமான கவனிப்பு’தான், யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை என்றார்கள். உண்மைதான், பறிக்கவில்லை. ஆனால் அந்த வழக்கமான கவனிப்பு என்பது என்ன? ஒன்றுமில்லை என்பதுதான் அது. மழை பெய்யாமல் போவது மாதிரி தானாக வந்ததா அந்த ஒன்றுமில்லாமை? பட்ஜெட் போட்டவர்களும், செவிலியர் பணியிடத்தைக் காலியாக விட்டவர்களும், பெண்ணின் அடிவயிற்று வலியை ‘பொம்பளைக்கு இருக்கிறதுதான்’ என்று ஒதுக்கிய வீடுகளும் சேர்ந்து உண்டாக்கியது அது. ஆய்வின் அறத்தை மட்டும் விசாரித்துவிட்டு, அந்த ஆய்வுக்கு இடம்கொடுத்த வெறுமையை விசாரிக்காமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த வெறுமையை நிரப்பும் வேலை தொடங்கிய இடங்களில் ஒன்று நம் தேனி. உலக வங்கிக் கடனில் தமிழக அரசு நடத்திய சுகாதாரத் திட்டத்தில், 2007-ல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை முன்னோட்டமாகச் செய்து பார்க்கத் தேர்ந்தெடுத்த இரண்டு மாவட்டங்கள் தேனியும் தஞ்சாவூரும். திண்டுக்கல்லில் ஆய்வாக இருந்தது இங்கே அரசு வேலையாக மாறியது. பிறகு மாநிலம் முழுவதும் போனது. குலுக்கலில் பெயர் வராத ஊர் என்று ஒன்று இனி இல்லை. அம்பிளிக்கைப் பக்கத்துப் பெண்களுக்கு நாம் பட்ட கடனில் ஒரு பகுதி அப்படித்தான் அடைபட்டது என்று நினைக்கிறேன்.

மீதி இன்னும் இருக்கிறது. திண்டுக்கல் ஆய்விலேயே, அத்தனை பணமும் ஆளும் இருந்தும், மாற்றம் கண்டறியப்பட்ட பெண்களில் 72 சதவீதம் பேர்தான் சிகிச்சை எடுத்துக்கொண்டார்கள். பார்ப்பது ஒரு நிமிஷ வேலை, அதற்குப் பிறகு நடப்பதுதான் பாடு. கூடலூர்ப் பெண்ணுக்கு வெள்ளை தெரிந்தால் க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுப்பார்கள். ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும். மதுரைவரை போகவேண்டி வந்தால் நூறு கிலோமீட்டருக்கு மேல். வீட்டில் என்ன சொல்லிக் கிளம்புவது என்ற கவலை வேறு. உலக சுகாதார நிறுவனம் 2030-க்குள் எட்டச் சொல்லும் இலக்கில், நோய் கண்டறியப்பட்ட பெண்களில் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை என்பதும் ஒன்று. அந்தத் தொண்ணூறுக்கும் எழுபத்திரண்டுக்கும் நடுவில் இருப்பது மருத்துவம் அல்ல. பஸ்ஸும் கூலியும் வெட்கமும்தான்.

“ஏலத்தோட்டத்துக்குப் போறவுகள எங்கிட்டுப் பிடிக்கிறது?” என்று அந்தச் செவிலியரிடம் கேட்டேன். பதில் சொல்லாமல் பதிவேட்டை எடுத்துத் திருப்பி வைத்தார். மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியும் போகாதவர்களின் பக்கம் அது. சில பெயர்களுக்கு எதிரே பென்சிலில் ‘ஜீ’ என்று குறித்திருந்தது. ஜீப்பில் போகிறவர்கள் என்று அர்த்தமாம். அவர்களுக்கு போன் போட்டால், மலையில் டவர் கிடைக்காது. அதனால் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் ஜீப்பு நிற்கும் இடத்தில் இறங்கிக்கொள்கிறார்.

“எல்லார் முன்னாடியும் கேக்க முடியாதுல்லக்கா. கூடவே நடந்து போயி, அவுக வீட்டுச் சந்து திரும்புனதும் கேப்பேன்.”